யேர்மன் அண்ணையும் கெர்ஹார்ட் என்ற பெயரும்

ரொறன்ரோவில் தமிழர் குடியேறிய நாள் தொட்டு இன்றுவரை, மனிதரைப் பாராட்டியே இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டவர் யேர்மன் அண்ணையைத் தவிர வேறொருவர் இல்லை. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். மோர்னிங்சைட்டில் நாங்கள் முன்பு இருந்த கட்டடத்தில் மட்டும், அந்த நாளில், பதினொரு பேர் அவரோடு பேசுவதில்லை. அதில் நாலு பேர் லிஃப்டுக்குள் அவரைக் கண்டால் உள்ளே ஏறாமல் அடுத்த லிஃப்டுக்குக் காத்து நிற்பார்கள். அந்தக் கட்டடத்தில் அடுத்த லிஃப்ட் வருவதற்குள் ஒரு மனிதன் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அப்படியும் நிற்பார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அங்கே ஒருவருக்கும் தெரியாது. கனடாவுக்கு வருமுன் நீண்ட காலம் ஜெர்மனியில் இருந்தவர் என்பதால் யேர்மன் அண்ணை. நெடிய, மெலிந்த உருவம். கோடையிலும் கழுத்தில் ஒரு மஃப்ளர். என்னை 'மாஸ்டர்' என்பார். ஊரில் நான் கணக்குப் படிப்பித்தவன். எதையாவது எண்ணாமல் எனக்குச் சோறு செமிக்காது. யேர்மன் அண்ணைக்கு ஒரு பெயரைப் பிரிக்காமல் சோறு செமிக்காது. இரண்டு வியாதிக்காரர் ஒரே மாடியில் இருந்தால் சிநேகிதம் வரத்தானே செய்யும்.

ஜெர்மனியில் அவருக்குக் கிடைத்த வேலை ஒரு சிறிய நகரத்துச் சுடலையில். புல் வெட்டுவது, இலை கூட்டுவது, கல் கழுவுவது. பேசிப் பழக அங்கே உயிருள்ள ஆட்கள் குறைவு. ஆகவே அவர் ஜெர்மன் மொழியைக் கல்லறைக் கற்களைப் படித்தே கற்றுக்கொண்டார். பாண் வாங்கத் தெரியாது, பஸ்ஸில் இடம் கேட்கத் தெரியாது. ஆனால் ஒருவரை மண்ணுக்குள் வைத்த பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அகதி அலுவலகத்தில் ஓர் அதிகாரி அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்டாராம். மனைவி அப்போது ஊரில் நல்ல சுகத்தோடு, இந்த மனிதன் கடிதம் போடுவதில்லை என்று அயலெல்லாம் திட்டிக்கொண்டு இருந்தார். ஆனால் இவருக்குத் தெரிந்த ஜெர்மனில் மனைவி என்ற சொல் தனியாக வந்ததே கிடையாது. எல்லாக் கல்லிலும் அதற்கு முன்னால் நாலு சொல் இருக்கும். அப்படியே சொன்னார்: "என்றென்றும் மறக்கப்படாத என் அன்பு மனைவி." அதிகாரி கதிரையை விட்டு எழுந்து, இவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, கண் கலங்கி நின்றாராம்.

"நானும் எழும்பி நிண்டன் மாஸ்டர். அந்த நாட்டு மரியாதை உதாக்கும் எண்டு நினைச்சன்."

அந்தச் சுடலையில்தான் அவரைப் பெயர்ப் பைத்தியம் பிடித்தது. ஒரு பெயரின் முன்பாதி இன்னொரு பெயருக்கும் முன்பாதியாக வருவதை அவர் கண்டுபிடித்தார். இன்னொன்றின் பின்பாதி வேறு நாலு பெயர்களில் வாலாக ஒட்டியிருந்தது. சுடலைக்குப் பொறுப்பான கிழவரைக் கேட்டுக் கேட்டு, அவர் அலுத்துப்போய் நூலகத்துக்குத் துரத்திவிட, அங்கே போய் எல்லாவற்றையும் அறிந்துகொண்டார். பழைய ஜெர்மன்காரர் இரண்டு சொல்லை எடுத்துக் கோத்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். ஓநாய், கரடி, புகழ், போர், காவல், ஒளி என்று பெட்டி நிறையச் சொற்கள் வைத்திருந்தார்கள். ஆண்டாண்டாக அதே சொற்களையே கலைத்துக் கலைத்துக் கோத்தார்கள்.

தெரிந்துகொண்டதோடு நின்றிருந்தால் பதினொரு பேரும் அவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் அதை ஊருக்குச் செய்யும் தொண்டாக எடுத்துக்கொண்டார். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட மனேஜர் றொபேட், ஆறடி உயரமான யமேக்காக்காரர். றொபேட் என்றால் புகழ், ஒளி. அடுத்த நாளிலிருந்து யேர்மன் அண்ணை அவரைப் 'புகழொளி' என்றே கூப்பிட்டார். அந்த மனிதர் ஒரு கிழமை முறைத்துப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்க்கத் தொடங்கினார். கடைசியில் எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் என் மனைவி "புகழொளிக்கு ஃபோன் போடுங்கோ" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டது.

மருந்துக்கடை வில்லியம் அவ்வளவு பெருந்தன்மையான ஆள் அல்ல. வில்லியம் என்றால் மனவுறுதி, தலைக்கவசம். அந்த மனிதரின் தலையில் ஒரு மயிர் கிடையாது. "உன்னுடைய பெயரிலேயே தொப்பி இருக்கிறது, தலையில் மட்டும் ஏன் இல்லை" என்று யேர்மன் அண்ணை தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அன்போடு விசாரித்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். அன்றிலிருந்து என்னுடைய பிறஷர் குளிசையும் தாமதமாகத்தான் கிடைத்தது.

பல் வைத்தியர் கதை இன்னும் மோசம். கடைவாய்ப் பல் கொதியில் துடித்தவரை நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கதிரையில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் போட்ட பிறகு அந்த அம்மா தன் பெயரைச் சொன்னார்: கேர்ட்ரூட். யேர்மன் அண்ணை வாயை மூடிக்கொண்டார். அவர்கள் கழுத்தில் கட்டிவிட்ட துணியோடு எழுந்து வெளியே வந்து காருக்குள் இருந்துவிட்டார்.

"என்ன அண்ணை, என்ன நடந்தது?"

"மாஸ்டர், அந்த மனிசியின்ர பேர் என்னெண்டு தெரியுமோ? ஈட்டியும் பலமும். அவவின்ர கையில என்ன இருந்ததெண்டு பாத்தனீரோ?"

ஜெர்மன் வேர் இல்லாத பிறநாட்டுப் பெயர் என்றால் அவர் தொடமாட்டார். "உது எங்கட சுடலையில இருக்கேல்லை" என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் தமிழ்ப் பெயர் என்றால் உரிமையோடு கருத்துக் கேட்பார். அங்கேதான் வினை வந்தது.

எங்கள் ஆட்கள் இப்போது எண் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள். நட்சத்திரத்துக்கு எழுத்து, எழுத்துக்கு எண், எண் சரிவரும் மட்டும் ஆங்கில எழுத்துகளைக் கூட்டலும் கழித்தலும். முடிவில் ஒரு பெயர் பிறக்கும். அதற்கு எண் இருக்கும், எழுத்து இருக்கும், கருத்து மட்டும் இருக்காது. கணக்கு வாத்தியார் என்ற முறையில் எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. கூட்டினால் சரியாக வருகிறது. யேர்மன் அண்ணையால்தான் பொறுக்க முடியவில்லை.

ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிய ஒரு குடும்பம் பிள்ளைக்கு முப்பத்தொன்று, முப்பத்தோராம் நாள் பெயர் வைக்கும் சடங்கு, வைத்தது. அவரை என்னுடைய காரில்தான் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைக்குப் பெயர் றிஷ்விக்ஷன். தகப்பன் பெருமையோடு சொல்லி முடிக்கவும் யேர்மன் அண்ணை வடைத் தட்டோடு அவனுக்குக் கிட்டப் போனார்.

"தம்பி, நல்ல பேர். என்ன கருத்து?"

"கருத்தெண்டு ஒண்டும் இல்லை அங்கிள். ஐஞ்சாம் நம்பர்."

"உது நம்பர். நான் கேட்டது கருத்து."

"யுனீக் நேம் அங்கிள். உலகத்தில வேற ஒருத்தருக்கும் இல்லை."

"ஓம், இராதுதான்," என்றார் யேர்மன் அண்ணை மிகுந்த மரியாதையோடு. "எங்கட சுடலையிலயும் நான் காணேல்லை."

முப்பத்தொரு நாள் பாலகன். வீடு முழுக்கச் சொந்தக்காரர். பெண்கள் பக்கத்தில் ஒரு சருவச்சட்டி கீழே விழுந்து நெடுநேரம் சுழன்றது. தகப்பனின் தமக்கை எழும்பி, "ஆர் உந்த மனிசனைக் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று கேட்டபோது வீட்டிலிருந்த அத்தனை கண்ணும் என்னைத்தான் பார்த்தன. அன்றைக்கு அவர் சாப்பிட்டது ஒன்பது வடை. வெளியே போகச் சொன்ன பிறகு எடுத்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். "உந்த ஆள் இனி எங்கட வீட்டு நல்லது கெட்டது ஒண்டுக்கும் வரப்படாது. சொல்லிப்போட்டன்."

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் மகள் நிரோஜாவுக்குப் பிள்ளை பிறந்தது.

நிரோஜா மணந்தது ஸ்டெஃபான் என்ற பிள்ளையை. வாட்டர்லூப் பக்கத்தில் வளர்ந்தவன். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம். சின்ன வயதிலேயே தகப்பன் போய்விட, தகப்பனின் தகப்பன்தான் அவனை வளர்த்து ஆளாக்கியவர். அவரை 'ஓப்பா' என்று கூப்பிடுவான். நல்ல பிள்ளை. என்னை 'மாமா' என்று கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு குறையும் வந்தது கிடையாது. குறை ஒன்றுதான். கல்யாணம் முடித்துக் கனகாலம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் இல்லை. அந்த நாட்களில் என் மனைவி முருகனிடம் ஒரு நேர்த்தி வைத்தாள்: பெடியன் பிறந்தால் உன்னுடைய பேர்தான் வைப்போம். இதை என்னிடம் மட்டும் சொன்னாள். நிறைவேற முன் நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது அவளுடைய கட்சி.

அதே நாட்களில் நிரோஜாவும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். பெடியன் பிறந்தால் ஓப்பாவின் பெயர். ஓப்பாவின் பெயர் கெர்ஹார்ட்.

பிறந்தது பெடியன்.

இரண்டு வாக்கும் ஒன்றையொன்று சந்தித்தது தொலைபேசியில். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கெர்ஹார்ட்டோ? உதென்ன பிள்ளை, காரின்ர கதவை அடிச்சுச் சாத்தின மாதிரி?"

"அம்மா, ப்ளீஸ். இட்ஸ் ஓப்பாஸ் நேம். நான் ஸ்டெஃபானுக்கு ப்ரொமிஸ் பண்ணிற்றன்."

"நானும் ஒராளுக்குச் சொல்லிப்போட்டன்."

"ஆருக்கு?"

"அதை இப்ப சொல்ல ஏலாது."

"வட் டு யூ மீன் சொல்ல ஏலாது? அம்மா, இது என்ர பிள்ளை. அவன்ர பேரை உங்களுக்குச் சொல்ல ஏலாதெண்டால் முப்பத்தொண்டுக்கு நீங்கள் வரவே வேண்டாம்."

தொலைபேசி வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அது அடிக்கவில்லை. நாளொன்றுக்கு மூன்று தரம் வந்துகொண்டிருந்த குழந்தையின் படமும் நின்றுவிட்டது. மருமகனிடமிருந்து மட்டும், "மாமா, ப்ளீஸ் கம்" என்று ஒரு செய்தி. என் மனைவி பிள்ளையை ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு முறை கையில் வாங்கியதோடு சரி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. "வாக்குக் குடுத்துப்போட்டு வைக்காட்டில் பிள்ளைக்கு என்ன வருமோ" என்று சட்டி கழுவும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் முணுமுணுத்தாள். எனக்குப் பயப்படுவதற்கு ஒரு காரணம் போதும். அப்போது கைவசம் ஏழு இருந்தன. முதலாவது, மகள் இனி வராமலே விடுவாளோ என்பது. மற்ற ஆறும் அதன் பிள்ளைகள்.

ஒருநாள் பின்னேரம் அவள் வடை சுட்டாள். எங்கள் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. பத்து வடையைத் தட்டில் அடுக்கி, மூடி, "வாங்கோ, போவம்" என்றாள்.

"எங்கை?"

"உங்கட யேர்மனிட்டை."

நான் நம்பாமல் பின்னால் போனேன். கதவைத் திறந்த யேர்மன் அண்ணையும் நம்பவில்லை. வடையைப் பார்த்த பிறகு நம்பினார்.

"அண்ணை," என்றாள் என் மனைவி, "கெர்ஹார்ட் எண்டு ஒரு பேர் இருக்குதாமே. உதுக்கு ஏதேனும் கெட்ட கருத்து இருக்கும்தானே? அதை எங்கட பேரன்ர முப்பத்தொண்டில, ஸ்ரௌவ்வில்லில சொன்ன மாதிரி, சபையில எழும்பிச் சொல்லவேணும்."

யேர்மன் அண்ணை ஒரு வடையை முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "தங்கச்சி, பேருக்குரிய ஆள் முன்னால இல்லாமல் நான் கருத்துச் சொல்லுறேல்லை."

"அதேன் அண்ணை?"

"அந்த நாட்டில சுடலை நிலமும் வாடகைக்குத்தான். தவணை முடிஞ்சு, பிள்ளையள் வந்து புதுப்பிக்காட்டில் கல்லைக் கழட்டி எடுத்துப்போடுவினம். கழட்டுறது நான். கழட்ட முதல் அந்தப் பேரை ஒருக்கால் சத்தமா வாசிப்பன். பிறகு ஆர் அதைச் சொல்லப் போகினம்? கடைசியாச் சொன்ன வாய் என்ர வாய்." அவர் அடுத்த வடையை எடுத்தார். "அந்த வாயால, ஆள் இல்லாத இடத்தில நிண்டு ஒரு பேரை நல்லதெண்டோ கெட்டதெண்டோ சொல்லமாட்டன். முப்பத்தொண்டுக்கு வாறன். பிள்ளையின்ர முன்னால, என்ன கருத்தோ அதைச் சொல்லுறன்."

"கெட்டதெண்டால் கெட்டதெண்டே சொல்லுவியளோ?"

"கெட்டதெண்டால் கெட்டதெண்டே சொல்லுவன்."

என் மனைவிக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு எட்டாவது பயம் தொடங்கிவிட்டது. திரும்பி வரும்போது தட்டில் வடை இல்லை. பல் வைத்தியரின் கதை அப்போது எனக்கு ஞாபகம் வந்திருந்தால் மிச்ச நாட்கள் நிம்மதியாகக் கழிந்திருக்கும். வரவில்லை.

நிரோஜாவின் வீடு விட்பியில். நெடுஞ்சாலை நாலாயிரத்து ஒன்றில் எத்தனை மணிக்குப் போனாலும் நெரிசல்தான்... இல்லை, அது நானூற்றொன்று. அன்றைக்கு நான் எவ்வளவு கலங்கியிருந்தேன் என்பதற்கு, இப்போது சொல்லும்போதும் எனக்கு எண் பிழைப்பதே சாட்சி. முன் இருக்கையில் என் மனைவி. பின்னால் யேர்மன் அண்ணை கோட்டுப் போட்டு, கழுத்துப் பட்டி கட்டி, அதன் மேல் மஃப்ளரும் சுற்றிக்கொண்டு, மணவறைக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

வாசலில் பத்தொன்பது சோடிச் சப்பாத்து. நிரோஜா கதவைத் திறந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நிரோஜா எங்களுக்குப் பின்னால் நின்ற உருவத்தைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெல்லிய குரலில், "ஆர் யூ சீரியஸ்?"

வாட்டர்லூவிலிருந்து ஓப்பாவைக் கூட்டி வந்திருந்தார்கள். தொண்ணூறை எட்டிய மனிதர். மொட்டைத் தலை, சுருங்கிய உடம்பு, பக்கத்தில் ஓர் ஊன்றுகோல். பெரிய கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அவர்தான் கெர்ஹார்ட் என்று யாரோ சொன்னதுதான் தாமதம், யேர்மன் அண்ணை நேரே அவருக்கு முன்னால் போய் நின்றார். மஃப்ளரைக் கழற்றினார். இரண்டு கையையும் வயிற்றில் கோத்துக்கொண்டார். கனகாலம் பேசாத ஜெர்மனை, தமக்குத் தெரிந்த ஒரேயொரு ஜெர்மனை, கணீரென்று பேசினார்.

என் மருமகனின் முகம் வெள்ளையிலிருந்து இன்னும் வெள்ளையானது. அவன் நிரோஜாவின் காதில் சொன்னான். நிரோஜா என்னிடம் சொன்னாள். "அப்பா, 'இங்கே இறைவனில் இளைப்பாறுகிறார் எங்கள் அன்புக்குரிய கெர்ஹார்ட்' எண்டு சொல்லுறார்."

ஓப்பா கண்ணைத் திறந்தார். யேர்மன் அண்ணையை மேலும் கீழும் பார்த்தார். "இன்னும் இல்லை," என்றார்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் விழுந்தது, கோப்பி சிந்தியது, ஸ்டெஃபானின் தாய் தண்ணீரோடு ஓடி வந்தார். மொழியை எங்கே படித்தாய் என்று ஓப்பா கேட்க, இவர் சுடலையில் என்று சொல்ல, மீண்டும் முதலிலிருந்து சிரித்தார். ஐந்து நிமிடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். நடுவில் ஸ்டெஃபான் குனிந்து நின்று ஒருவர் சொல்வதை மற்றவருக்குத் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்கட சுடலையில மூண்டாம் வரிசை முழுக்க உங்கட பேர்க்காரர்தான்," என்றார் யேர்மன் அண்ணை.

அப்படித்தான் இருக்கும் என்றார் ஓப்பா. அவர் பிறந்த காலத்தில் தெருவுக்குத் தெரு கெர்ஹார்ட். வகுப்பில் ஐந்து பேர். பெரிய கெர்ஹார்ட், சின்னக் கெர்ஹார்ட், செம்பட்டை மயிர்க் கெர்ஹார்ட் என்று வாத்தியார் பிரித்து வைத்திருந்தார். இவர் தூங்குமூஞ்சிக் கெர்ஹார்ட். "இன்றைக்கு அங்கே ஒரு குழந்தைக்கும் இந்தப் பெயரை வைப்பதில்லை. கல்லில்தான் இருக்கிறது. நான் ஸ்டெஃபானிடம் கேட்கவே இல்லை. பாவம், பிள்ளைக்கு வேறு நல்ல பெயராக வையுங்கள்."

ஸ்டெஃபான் இதை மட்டும் உடனே மொழிபெயர்க்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். நிரோஜா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். என் மனைவியின் முகத்தில் கனநாளுக்குப் பிறகு இரத்தம் ஓடியது. வென்றாயிற்று. இனிக் கடைசி அடி ஒன்றுதான் பாக்கி.

"அண்ணை," என்றாள், "கருத்தைச் சொல்லுங்கோவன்."

யேர்மன் அண்ணை எழுந்தார். அங்கிருந்தவர்களில் மூன்று பேர் ஸ்ரௌவ்வில்லுக்கும் வந்தவர்கள். அவர்கள் தங்கள் தட்டுகளைப் பத்திரமாகக் கீழே வைத்தார்கள்.

"இது மிகப் பழைய பேர்," என்று அவர் தொடங்கினார். "ஆயிரம் வரியத்துக்கும் மேலை. ஜெர்மன்காரர் வைச்சினம். அவையிட்டையிருந்து பிரெஞ்சுக்காரருக்குப் போய் ஜெரார் ஆச்சுது. ஒல்லாந்தரிட்டைப் போய் கெரிட் ஆச்சுது. பிரெஞ்சுக்காரர் கடல் கடந்து இங்கிலாந்தைப் பிடிச்சபோது அங்கையும் போச்சுது. அங்கையிருந்து இஞ்சை வந்துது. தங்கச்சி, நீங்கள் சீலை எடுக்கிற தெருவுக்கு என்ன பேர்?"

"ஜெராட் தெரு."

"அதுவும் இந்தப் பேர்தான். நீங்கள் இவ்வளவு காலமும் கெர்ஹார்ட்டில்தான் சீலை எடுத்தனீங்கள்."

"சரி அண்ணை, கருத்து என்ன?" என் மனைவி பொறுமை இழந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு சொல்லு. பின்பாதி, ஹார்ட். பலம், துணிவு, சக்தி. முன்பாதி, கெர்." அவர் கையை உயர்த்திக் காட்டினார். "கெர் எண்டால் வேல்."

அறையில் குழந்தை கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது.

"என்ன?" என்றாள் என் மனைவி.

"வேல். முருகன்ர கையில இருக்குதே, அது. சக்தியும் வேலும். தமிழில வைக்கிறதெண்டால் சக்திவேல். உதில கெட்டது ஒண்டும் இல்லை தங்கச்சி. நீங்கள் வடை தந்தனீங்கள் எண்டதுக்காக நான் மாத்திச் சொல்ல ஏலாது."

என் மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் இந்த மனிசனிட்டை ஏதேனும் சொன்னனீங்களோ?"

"இல்லையப்பா. சத்தியமா இல்லை."

"அண்ணை, அண்டைக்கு அந்தப் பல் டொக்டருக்கு ஈட்டியெண்டெல்லோ சொன்னனீங்களாம்?"

"பல்லுக் கொதியில ஆருக்கு வேலெண்டு வரும்?" என்றார் யேர்மன் அண்ணை. "அதுவும் இதே கெர்தான். அண்டைக்கு என்ர நிலையில ஈட்டி. பிள்ளைக்கு வேல்."

அவள் அதோடு விடவில்லை. ஒரு மனிதரின் சொல்லை நம்பி நேர்த்தியைத் தீர்க்க அவள் ஆயத்தமில்லை. "ஸ்டெஃபான், ஆஸ்க் ஓப்பா," என்றாள். கல்யாண நாளிலிருந்து அவள் அவனோடு பேசிய ஆங்கில வசனங்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். அது மூன்றாவது.

ஸ்டெஃபான் கேட்டான். ஓப்பா, ஆமாம், வாத்தியார் சொல்லித் தந்திருக்கிறார், அதனால் பெடியன்கள் ஐந்து பேரும் தடியை எறிந்து ஒரு ஜன்னலை உடைத்தோம் என்றார். ஊன்றுகோலை எடுத்துத் தரச் சொன்னார். அதை நிமிர்த்திப் பக்கத்தில் ஊன்றி, இப்படித்தான் என்று பிடித்துக் காட்டினார்.

கதிரையில் நிமிர்ந்திருந்த அந்த மெலிந்த மனிதரின் மொட்டைத் தலையையும், நெட்டாகப் பிடித்த கோலையும், முகம் நிறைந்த சிரிப்பையும் என் மனைவி பார்த்தாள். எங்கள் வீட்டுச் சாமிப்படத்தில் ஆண்டியாய் நிற்கும் முருகனை நானும் தினமும் பார்க்கிறவன்தான். அவளுக்கு என்ன தெரிந்ததென்று எனக்குத் தெரிந்தது. அவளுடைய இரண்டு கையும் தானாக மேலே போய்க் குவிந்தன. ஓப்பா ஒன்றும் விளங்காமல், மரியாதையாகத் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டார்.

"பிள்ளை," என்றாள் என் மனைவி. "இஞ்சை தா அவனை."

நிரோஜா தயங்கினாள். "அம்மா, முதல் பேரைச் சொல்லுங்கோ."

என் மனைவி பிள்ளையை வாங்கி, மடியில் வைத்து, அவனுடைய காதுக்குள் குனிந்தாள். "கெர்ஹார்ட் சக்திவேல்," என்றாள். ஓரிடத்திலும் நாக்குத் தடக்கவில்லை. திட்டிக்கொண்டே சொல்லிப் பழகியிருந்தாள் போலிருக்கிறது. மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் பிள்ளை தும்மினான். தான் முருகனுக்கு நேர்ந்த கதையை அவள் அப்போதுதான் அழுதுகொண்டு மகளுக்குச் சொன்னாள். நிரோஜா, "வை டின்ட் யூ ஜஸ்ட் டெல் மீ, அம்மா" என்று சொல்லிக்கொண்டு தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

சொந்தக்காரர் ஒருவர் பின்னாலிருந்து கேட்டார். "அப்ப, நம்பர் பாத்தாச்சோ?"

"நம்பர் கிடக்கட்டும்," என்றாள் என் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கருத்து இருக்கு."

எட்டுப் பயமும் ஒரே மூச்சில் என்னைவிட்டுப் போயின. அவ்வளவு இலேசான மூச்சை அதற்கு முன் நான் விட்டதாக ஞாபகம் இல்லை. எண்ணுவதற்குக்கூட ஒன்றும் தோன்றவில்லை.

புறப்படும்போது ஓப்பா யேர்மன் அண்ணையின் கையைப் பிடித்து, உன்னுடைய பெயர் என்ன என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரின் பெயரைக் கேட்டுத் திரிந்த மனிதரிடம் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டது கிடையாது. அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, என் மனைவி பிள்ளைக்குச் சொன்ன மாதிரியே, ஓப்பாவின் காதுக்குள் சொன்னார். ஓப்பா அதை ஒருமுறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்து, நல்லது என்று தலையாட்டினார். காரில் நான் கேட்டேன். "உமக்கேன் மாஸ்டர் அவசரம்" என்று சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டார்.

நாங்கள் இப்போது மகளோடு விட்பியில் இருக்கிறோம். அவர் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார். பேசாதவர்களின் தொகை பதின்மூன்றாகிவிட்டதென்று புகழொளி சொன்னார். வருகிற சனிக்கிழமை பேரனின் பிறந்தநாள். நான்தான் போய் அவரைக் கூட்டி வரவேண்டும். அடுப்படியில் என் மனைவி உளுந்து ஊறப் போட்டிருக்கிறாள். அவருக்கென்று தனியாக ஒரு தட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அதில் எத்தனை வடை வைப்பாள், அவர் எத்தனை சாப்பிடுவார் என்று, இந்த முறை நான் எண்ணப் போவதில்லை.